தன் பலத்தைத் தானே சொல்லும் கம்பி

மின்சாரம் மனித வாழ்க்கைக்குள் புகுந்த நாள்முதல், ஒரு முனையில் கொடுத்ததை மறு முனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத ஊமைப் பொருளாகவே கம்பி இருந்து வந்தது. எத்தனை பாரத்தைத் தாங்குவாய் என்று கம்பியிடம் எந்த யந்திரமும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அதனிடம் பதில் இல்லை. இந்த நிலைமை கடந்த இருபது ஆண்டுகளுக்குள், பெரும்பாலோர் கவனிக்காமலே, அடியோடு மாறிவிட்டது. கைப்பேசிக்கும் சார்ஜருக்கும் நடுவே, மடிக்கணினிக்கும் திரைக்கும் நடுவே இன்று நாம் செருகும் டைப்-சி கேபிள்களில் பலவற்றின் முனைக்குள், தனக்கென்று ஒரு நினைவகமும் அந்த நினைவகத்தில் தொழிற்சாலையிலேயே எழுதிவைத்த சில விவரங்களும் கொண்ட ஒரு சிறு சிப் குடியிருந்து, இத்தனை ஆம்பியர் தாங்குவேன், இத்தனை வேகத்தில் செய்தி கடத்துவேன் என்று கேட்டவருக்கு விடை சொல்லுகிறது.

கிணற்றடியில் கிடக்கும் கயிறுகளில் குடத்துக்குரிய தாம்பு எது, கவலையில் சாலை இழுக்கும் வடம் எது என்று கிராமத்தார் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரே உருவமும் ஒரே நிறமும் கொண்ட இரண்டு டைப்-சி கேபிள்களை அருகருகே வைத்து, எதன் வழியே 240 வாட் செல்லும், எது 60 வாட்டுக்கு மேல் தாங்காது என்று கேட்டால், கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய நிபுணர் எவரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கேபிளே வாய்திறந்து சொல்லவேண்டிய அவசியம் இப்படித்தான் பிறந்தது.

இந்த வரலாற்றின் முற்பகுதி கணினி வலைப்பின்னலோடு சேர்ந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் கம்பெனி நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதியிட்ட ஒரு குறிப்பில் விவரித்து, டேவிட் பாக்ஸ் என்ற சக விஞ்ஞானியின் துணையோடு செயலிலும் காட்டிய ஈத்தர்நெட், ஒரு கட்டடத்துக் கணினிகளையெல்லாம் ஒரே தடித்த கேபிளில் கோத்து, விநாடிக்கு ஏறத்தாழ 30 லட்சம் பிட் என்ற வேகத்தில் ஒன்றோடொன்று பேசவைத்தது. அந்தத் தடித்த கேபிள் பிற்பாடு மறைந்து, தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்ற முறுக்கிய ஜோடிக் கம்பியே 1990 அளவில் ஈத்தர்நெட்டுக்கும் உரிய வழியாயிற்று. இன்று அலுவலகச் சுவர்களிலும் கடைகளின் கூரையிலும் ஓடும் நெட்வொர்க் கேபிளுக்குள் இருப்பவை அத்தகைய நான்கு ஜோடிகள்தாம்.

செய்தி இவ்வாறு வந்து சேர்ந்த போதிலும், சக்தி வேறு வழியாகவே வரவேண்டியிருந்தது. கூரையில் ஒரு காமிராவைப் பொருத்தவேண்டுமானால் நெட்வொர்க் கேபிளை இழுப்பவர் ஒருவரும், எலக்ட்ரீஷியன் ஒருவருமாக இரண்டு பேர் இரண்டு வேலைகள் செய்யவேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, மின்பொறியாளர்களின் சர்வதேச ஸ்தாபனமான ஐ.இ.இ.இ. 2003இல் ஒரு நியமத்தை வகுத்து, செய்தி செல்லும் அதே செம்புக் கம்பிகளின் வழியாக 15.4 வாட் மின்சக்தியையும் அனுப்பலாம் என்று விதித்தது. அந்த அளவு 2009இல் 30 வாட்டாகவும், நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தி 2018இல் 90 வாட்டாகவும் உயர்ந்தது. மின் அழுத்தம் ஏறத்தாழ 48 வோல்ட். தொலைபேசி நிலையங்களின் பேட்டரி அழுத்தமும் அதுவேயாகும்; வீட்டில் விளக்குகள் அணைந்த இரவிலும் பழைய தொலைபேசி மட்டும் உயிரோடிருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பேச்சும் சக்தியும் ஒரே கம்பியில் வருவது முற்றிலும் புதிய சங்கதி அன்று.

ஒரே கம்பியில் இரண்டும் கலந்து ஒன்றையொன்று கெடுத்துவிடாதா என்று கேட்பது நியாயமே. ஜோடியில் உள்ள இரு கம்பிகளுக்கும் இடையே தோன்றும் வித்தியாசத்தைத்தான் கணினி செய்தியாக வாசிக்கிறது. மின்சக்தியோ அந்த இரு கம்பிகளிலும் சமமாகப் பங்கிடப்பட்டு, ஒரு ஜோடியின் வழியே சென்று மற்றொரு ஜோடியின் வழியே திரும்புகிறது. இரண்டு கம்பிகளையும் சமமாக உயர்த்துகிற அழுத்தம் அவற்றின் இடையிலுள்ள வித்தியாசத்தைத் தொடுவதில்லையாதலால், செய்தி பழுதுபடாமல் போய்ச் சேருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தந்தி, தொலைபேசிப் பொறியாளர்கள் அறிந்திருந்த உபாயமே இது என்றாலும், அதன் எளிமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மதிப்பு மேலிடுகிறது.

இதனினும் வியக்கத்தக்கது, மின்சாரத்தை விடுவதற்கு முன் நடக்கும் விசாரணை. கேபிளுக்குள் சக்தியைச் செலுத்தும் கருவியான நெட்வொர்க் ஸ்விட்ச், மறு முனையில் என்ன செருகப்பட்டிருக்கிறது என்று அறியாமல் 48 வோல்ட்டைத் திறந்துவிட்டால், அந்தச் சக்தியை எதிர்பாராத சாதாரணக் கணினி ஒன்று பழுதாகிவிடக்கூடும். ஆகவே அது முதலில் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட சிறு அழுத்தத்தை அனுப்பி, திரும்பிவரும் மின்னோட்டத்தை அளந்து, எதிரே ஏறத்தாழ 25,000 ஓம் மின்தடை இருக்கிறதா என்று சோதிக்கிறது. அந்தத் தடை இருந்தால், வந்திருப்பது கேபிள் வழியே சக்தி பெறத் தகுதியுள்ள சாதனம் என்று துணிந்து, பின்னர் 15 முதல் 20 வோல்ட் வரையிலான மற்றோர் அழுத்தத்தால் அதன் தேவை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று விசாரித்து, அதன் பிறகே முழு அழுத்தத்தையும் தருகிறது. சாதனத்தைக் கழற்றினால் அரை விநாடிக்குள் மின்சாரம் தானாக நின்றுபோகும். தீப்பிடிக்கும் அச்சமும் அதிர்ச்சியின் அபாயமும் இல்லாமல் இந்த முறை உலகெங்கும் பரவியதற்கு இந்தப் பண்பட்ட விசாரணையே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இருந்தபோதிலும் இங்கே கம்பி இன்னமும் ஊமைதான். கேள்வி கேட்பது ஸ்விட்ச், பதில் சொல்வது காமிரா. நடுவில் கிடக்கும் கேபிளின் யோக்கியதையை எவரும் விசாரிப்பதில்லை. அதன் விளைவைச் சந்தையில் காண்கிறோம். செம்பினாலான கேபிளைத்தான் நியமம் கேட்கிறது. ஆனால் அலுமினியக் கம்பியின்மேல் செம்பை மெல்லியதாகப் பூசி, செம்பு விலையைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அலுமினியத்தின் தடை அதிகமாதலால் அது வழியில் அதிகமாகச் சூடேறுகிறது, வளைத்தால் எளிதில் முறிந்துபோகிறது, தொலைவிலுள்ள காமிராவுக்குப் போதிய சக்தியையும் சேர்ப்பதில்லை. நல்ல செம்புக் கேபிளிலேயே கூட, 100 மீட்டர் தூரத்தைக் கணக்கில் கொண்டால், அனுப்பிய 15.4 வாட்டில் 12.95 வாட்தான் போய்ச் சேரும் என்றும், 90 வாட்டில் 71.3 வாட்தான் கிடைக்கும் என்றும் நியமமே ஒப்புக்கொள்கிறது. எஞ்சியது உஷ்ணமாக வீணாகிறது. பல கேபிள்களை ஒரே கட்டாகக் கட்டியிருக்கும் இடங்களில் நடுவிலுள்ளவை எவ்வளவு சூடேறும் என்பதைச் சுவருக்குள் அவற்றைப் புதைக்கும் முன்பே சிந்திக்கவேண்டும்.

கதையின் பிற்பகுதி யூஎஸ்பியைச் சார்ந்தது. விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுயந்திரத்துக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று கணினியின் பின்புறம் விதவிதமான துளைகளால் நிறைந்திருந்த காலத்தில், அவை அனைத்தையும் ஒரே வடிவமாக்கவேண்டும் என்று இன்டெல் நிறுவனத்தில் முயன்றவர்களுள் முதன்மையானவர், வடோதராவில் கல்வி பயின்று அமெரிக்கா சென்ற அஜய் பட். அவருடைய குழுவும், இன்டெலோடு சேர்ந்த வேறு ஆறு நிறுவனங்களும் உருவாக்கிய யூஎஸ்பி 1996இல் வெளிவந்தபோது, 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக இரண்டரை வாட் என்பதே அதன் சக்தியின் எல்லை. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் அது போதும். எந்தப் பக்கமாகச் செருகினாலும் பொருந்தும்படி அன்றே செய்திருக்கலாமே என்ற கேள்விக்கு, அதற்கு இரட்டிப்பான கம்பிகளும் செலவும் வேண்டியிருந்திருக்கும் என்று அவர் பிற்காலத்தில் விளக்கம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் குறை 2014இல் வெளியான டைப்-சியில் தீர்ந்தது. 24 இணைப்பு முனைகளைக் கொண்ட அதன் சிறிய வாய்க்குள், செய்திக்கும் சக்திக்கும் உரிய கம்பிகளைத் தவிர, இவ்விரண்டையும் ஆளுவதற்கென்றே ஒரு தனிக் கம்பி இருக்கிறது. ஒரு சாதனத்தைச் செருகாதவரை டைப்-சி சார்ஜரின் வாயில் மின்சாரமே இராது. செருகியவுடன், கைப்பேசியின் உள்ளேயுள்ள 5,100 ஓம் தடை அந்தக் கட்டுப்பாட்டுக் கம்பியில் அழுத்தத்தைத் தாழ்த்துவதைக் கண்டு, எதிரே ஒரு சாதனம் வந்திருக்கிறது என்பதையும், அது நேராகச் செருகப்பட்டதா புரட்டிச் செருகப்பட்டதா என்பதையும் சார்ஜர் ஒருசேரத் தெரிந்துகொள்கிறது. அப்போதுதான் 5 வோல்ட்டைத் திறக்கிறது.

மேலும் சக்தி வேண்டுமானால், அதே கம்பியின் வழியே, விநாடிக்கு 3 லட்சம் பிட் வேகத்தில் ஒரு முறையான சம்பாஷணை ஆரம்பமாகிறது. என்னால் 5, 9, 15, 20 வோல்ட்டுகளில் இன்னின்ன அளவு தர இயலும் என்று சார்ஜர் தன் பட்டியலை அனுப்ப, அதில் இன்னது வேண்டும் என்று மடிக்கணினி கேட்க, சம்மதம் என்று சார்ஜர் விடை தந்து, அழுத்தத்தை உயர்த்தி, தயார் என்று அறிவிக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் அது பழுதின்றிக் கிடைத்தது என்ற ஒப்புதலும் உடனுக்குடன் திரும்பி வருகிறது. மூன்று ஆம்பியருக்கு மேல் தர முன்வரும் சார்ஜர் அதற்கு முன் மூன்றாவது ஒரு நபரையும் விசாரித்தாகவேண்டும். அந்த மூன்றாவது நபர் கேபிள்தான். கேபிளின் முனைக்குள் இருக்கும் சிப், சார்ஜரிடமிருந்தே சிறிதளவு சக்தியைப் பெற்று விழித்து, தன்னைச் செய்தவர் யார், தாங்கும் மின்னோட்டம் 3 ஆம்பியரா 5 ஆம்பியரா, எந்த அழுத்தம் வரை பொறுக்கும், செய்தி வேகத்தின் உச்சம் எது, நீளம் ஏறத்தாழ எவ்வளவு என்று தன் நினைவகத்திலிருந்து எடுத்துச் சொல்லுகிறது. சிப் இல்லாத கேபிள் மௌனம் சாதித்தால், சார்ஜர் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். பெரிய சார்ஜரை வாங்கியும் மடிக்கணினி மெதுவாகவே சார்ஜ் ஆகிறது என்று வருந்துகிறவர்களில் பலர் சார்ஜரைக் குறை சொல்லுகிறார்கள். விசாரித்தால் குறை பெரும்பாலும் இந்த மௌனத்திலேயே இருக்கும்.

அழுத்தத்தை உயர்த்துவதற்கு இத்தனை பிரயத்தனம் எதற்கு என்பதையும் சொல்லிவிடவேண்டும். கம்பியில் வீணாகும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்காகும். 240 வாட்டை 5 வோல்ட்டிலேயே அனுப்ப முயன்றால் 48 ஆம்பியர் ஓடவேண்டும். கைவிரல் தடிமனுக்குக் கம்பி வேண்டியிருக்கும். அதையே 48 வோல்ட்டில் அனுப்பினால் 5 ஆம்பியர் போதும். 2021இல் வந்த யூஎஸ்பியின் திருத்திய நியமம் இந்த 240 வாட் எல்லையை வகுத்தது. கைப்பேசிகளுக்கான மற்றொரு ஏற்பாட்டில், பேட்டரியின் அப்போதைய நிலைக்கு ஏற்ப, ஒரு வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கான 20 மில்லிவோல்ட் படிகளாக அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பேசி சார்ஜருக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. மாற்றும் வேலை சார்ஜரிலேயே நடந்துவிடுவதால், கையில் உள்ள கருவி குளிர்ச்சியாக இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு ஒரு சிறிய தவறினால் எப்படிக் குலைந்துபோகும் என்பதற்கு, கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் பென்சன் லியங் 2015 இறுதியிலிருந்து மேற்கொண்ட காரியம் தக்க சான்று. அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிச் சோதித்து, நியமத்துக்கு ஒவ்வாதவற்றை அவர் பகிரங்கமாக எழுதினார். பழைய யூஎஸ்பி வாயையும் டைப்-சியையும் இணைக்கும் கேபிளுக்குள் 56,000 ஓம் தடை இருக்கவேண்டிய இடத்தில் 10,000 ஓம் தடையை வைத்திருந்ததே அவர் கண்ட பொதுவான குற்றம். மிகச் சிறு பேதம் போலத் தோன்றும் இதன் பொருள், 3 ஆம்பியர் கிடைக்கும் என்று அந்தக் கேபிள் கைப்பேசியிடம் பொய்ச் சாட்சி சொல்லுகிறது என்பதாகும். அதை நம்பிக் கைப்பேசி 3 ஆம்பியரை இழுக்க, அதைத் தர வல்லமையில்லாத பழைய கணினியின் வாய் சேதமாகிறது. 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் சக்திக் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறியிருந்தபடியால், அவருடைய மடிக்கணினியே பழுதாகிவிட்டது. அடுத்த மாதமே, நியமத்துக்கு மாறான டைப்-சி கேபிள்களை அமேசான் தன் விற்பனையிலிருந்து விலக்கியது. ஒரு தனி மனிதரின் பொறுமையான உழைப்பு எத்தனை பேருடைய பொருளைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சக்தியைப் போலவே வேகத்திலும் ஒரே உருவம் பல பேதங்களை மறைக்கிறது. டைப்-சி முனையுடைய ஒரு கேபிளில் விநாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே செல்லும். அதே தோற்றமுடைய மற்றொன்றில் 40 கிகாபிட் செல்லும். 40 கிகாபைட் உள்ள ஒரு திரைப்படக் கோப்பைக் கடத்த, ஏட்டுக் கணக்கின்படி முதலாவதற்குப் பதினொரு நிமிஷம், இரண்டாவதற்கு எட்டு விநாடி. மிகுந்த வேகத்தில் அலைகள் கம்பியில் விரைவாகத் தேய்ந்துவிடுவதால் சாதாரண 40 கிகாபிட் கேபிள் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கவேண்டியிருக்கிறது. அதற்கு மேல் நீளவேண்டுமானால், தேய்ந்த அலையைப் புதுப்பித்து அனுப்பும் சிப்புகளைக் கேபிளின் முனையில் வைக்கவேண்டும். 2011இல் வந்த தண்டர்போல்ட் கேபிளின் இரு முனைகளிலும் இத்தகைய சிப்புகள் இருந்தன. அதன் விலையைக் கண்டு அன்று திகைத்தவர்கள், தாங்கள் வாங்கியது வெறும் கம்பி என்று நினைத்ததாலேயே திகைத்தார்கள்.

கேபிளுக்குள் அறிவைப் புகுத்தலாம் என்று தெரிந்த பிறகு, அதற்குள் வஞ்சகத்தைப் புகுத்தவும் சிலர் முற்பட்டார்கள். அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஒன்றின் கருவிப் பட்டியலை ஜெர்மானியப் பத்திரிகையான டெர் ஷ்பீகல் 2013 டிசம்பரில் வெளியிட்டபோது, யூஎஸ்பி முனைக்குள் ரகசிய வானொலிக் கருவியை ஒளித்த ஒரு சாதனம், ஐம்பதுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலையிட்டு அதில் காணப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, மைக் குரோவர் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், சாதாரணக் கைப்பேசிக் கேபிளினின்று கண்ணுக்கு எவ்வித வித்தியாசமும் தெரியாத ஒரு கேபிளுக்குள் வைஃபையோடு கூடிய சிப்பைப் பொருத்தி, கணினி அதை விசைப்பலகை என்று நம்பும்படி செய்து, தூரத்திலிருந்தே கட்டளைகளைத் தட்டச்சு செய்து காட்டினார். பாதுகாப்புச் சோதனைக்கென்று இன்று அது இருநூறு டாலருக்கும் குறைவான விலைக்கு விற்கப்படுகிறது. பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ யாரோ விட்டுச் சென்ற கேபிளை எடுத்து நம் கணினியில் செருகுவது, முன்பின் அறிமுகமில்லாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பான செயலாகும். கேபிளின் சிப் உண்மையானதா என்பதைக் குறியாக்க முறையால் சரிபார்க்கும் ஏற்பாட்டை யூஎஸ்பி நியமங்களைப் பராமரிக்கும் கூட்டமைப்பு 2019இல் தொடங்கிவைத்தது. ஆயினும் அது கட்டாயமாக்கப்படவில்லை. அதைக் கட்டாயமாக்குவதே உசிதம் என்பேன்.

அரசாங்கங்கள் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. பயனின்றி எறியப்படும் சார்ஜர்களால் ஐரோப்பாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 டன் குப்பை சேருகிறது என்று கணக்கிட்ட ஐரோப்பிய யூனியன், 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் கைப்பேசி, டேப்ளட், காமிரா முதலியவற்றுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. ஆப்பிள் நிறுவனமும் 2023 செப்டம்பரில் தன் பழைய வாயைக் கைவிட்டு ஐஃபோன் 15இல் டைப்-சிக்கு மாறியது. ஆனால் அந்தக் கைப்பேசியோடு பெட்டியில் வந்த கேபிள் 480 மெகாபிட் வேகமே உடையது என்பதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் டைப்-சி வாய், முனை, கேபிள் ஆகியவற்றுக்கான இந்திய நியமத்தை 2023 ஜனவரியில் வெளியிட்டது. துளையின் வடிவத்தை ஒன்றாக்கியது நன்றே. ஆனால் வடிவம் ஒன்றானபின், உள்ளே இருக்கும் வேற்றுமையை வாங்குகிறவருக்குத் தெரிவிக்கவேண்டிய கடமை முன்னைவிடப் பெரிதாகிறது. யந்திரங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்படி இத்தனை கவனத்தோடு ஏற்பாடு செய்தவர்கள், கடையில் நிற்கும் மனிதரை மட்டும் இருட்டில் விட்டுவிட்டது பெரிய குறை.

நியமக் கூட்டமைப்பு 2021 முதல், சான்று பெற்ற கேபிள்களுக்கு 60 வாட், 240 வாட் என்றும், அவற்றோடு கிகாபிட் வேகத்தையும் காட்டும் தெளிவான முத்திரைகளை வழங்கி வருகிறது. நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு கேபிளின்மேலும் இவ்விரண்டு எண்களையும் அச்சிடவேண்டும் என்று தர நிர்ணய ஸ்தாபனம் விதிக்கவேண்டும். அதற்காகக் குரல் கொடுக்கவேண்டியவர்கள் வாங்குகிறவர்களாகிய நாமே. அதுவரையில், கடைக்குச் செல்லும் வாசகர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வாட் எத்தனை, கிகாபிட் எத்தனை என்று கேளுங்கள். நெட்வொர்க் கேபிளானால் முழுச் செம்புதானா என்று கேளுங்கள். விடை சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.